கேள்வித்தாள் தயாரித்த கதை

நான் எழுதிய முதல் கேள்வித்தாளில் இரண்டு வாசிப்புப் பகுதிகள் இருந்தன. முதலாவது நம்மூர்ப் பருவமழை பற்றியது. சின்னச் சின்ன ஆங்கில வார்த்தைகளாகப் பொறுக்கி நானே எழுதினேன். மாணவர்கள் பயப்படாமல் உள்ளே வரட்டும் என்று அதை முன்னால் வைத்தேன். இரண்டாவது காப்பிச் செடியைத் தாக்கும் இலைத் துரு நோய் பற்றியது. வார்த்தை ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம். அதைப் பின்னால் தள்ளினேன். வெள்ளோட்டம் பார்த்த அன்று நடந்தது நேர்மாறு. மழையில் மாட்டிக்கொண்டு பேனாவைக் கடித்தவர்கள், காப்பியை மளமளவென்று முடித்துவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள்.

இது 2018இல், பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத் தலைநகரான பெலோ ஒரிசோன்ச்சியில் நடந்தது. நான் அங்கே மொழியியலில் முதுகலை ஆய்வு செய்துகொண்டிருந்தேன். போர்ச்சுகீசிய மொழி பேசும் முதலாண்டுக் கல்லூரி மாணவர்கள் ஆங்கிலத்தைப் படித்து எவ்வளவு புரிந்துகொள்கிறார்கள் என்று அளக்க ஒரு தேர்வு உருவாக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

அங்கே ஆங்கிலத்தின் நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்மைப் போலத் தெருப்பலகையிலும் மாத்திரை அட்டையிலும் ஆங்கிலம் பார்த்து வளர்பவர்கள் இல்லை அவர்கள். டிவியில் வரும் வெளிநாட்டுப் படங்கள்கூடப் பெரும்பாலும் போர்ச்சுகீசியத்தில்தான் பேசும். கல்லூரியில் சேர எழுதும் எனெம் என்ற தேசியத் தேர்வில் மொத்தம் 180 கேள்விகள். அதில் அயல்மொழிக்கு ஐந்தே ஐந்து, அதிலும் ஆங்கிலம் வேண்டாம் என்றால் ஸ்பானிஷ் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உள்ளே வந்த பிறகு கதை வேறு. ஆய்வுக் கட்டுரைகள் ஆங்கிலத்தில் இருக்கும். முதுகலையில் சேர, அயல்மொழியில் படித்துப் புரிந்துகொள்ள முடியும் என்று பல துறைகளில் தனியாகத் தேர்வெழுதிக் காட்ட வேண்டும். பேசத் தேவையில்லை, எழுதத் தேவையில்லை, படித்தால் போதும். இதற்கென்றே அங்கே ‘இங்க்லேஸ் இன்ஸ்ட்ருமென்டல்’ என்று ஒரு பாடம் உண்டு. 1970களின் இறுதியிலிருந்து சாவ் பாவ்லோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் மரியா அன்டோனியெட்டா செலானி முன்னின்று நாடு முழுக்கக் கொண்டுபோன திட்டம் அது. அந்தப் பாடத்தில் முதலில் சொல்லித்தருவது, தன் மொழியின் சாயல் உள்ள வார்த்தைகளைத் தேடி அடிக்கோடிடு என்பது. இதைப் பிறகு நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

தேர்வு வைப்பதற்கு முன் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வு என்றால் பொதுவாக ‘பிளத்தஃபோர்மா பிரசில்’ என்ற இணையதளத்தில் பதிந்து, அனுமதி வந்த பிறகுதான் ஆளைத் தொடலாம். பதிய சே-பே-எஃபி எண் வேண்டும், நம்மூர் பான் கார்டு மாதிரி. பிறகு தன்விவரம், கையெழுத்திட்ட முகப்புத் தாள், வகுப்பறை தரும் துறையின் சம்மதக் கடிதம். இதெல்லாம் போதாதென்று மாணவர்களுக்கான ஒப்புதல் படிவம். அது இரண்டு பிரதி, ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம். நவம்பரில் அனுப்பினேன். பிப்ரவரியில் கார்னிவல் திருவிழா முடிந்த பிறகு பதில் வந்தது: ‘பென்டென்சியா’. நிலுவை என்று அர்த்தம். சம்மதக் கடிதத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தது, அது என் தப்பு. இரண்டாவது குறைதான் சுருக்கென்று தைத்தது. ஒப்புதல் படிவத்தின் மொழி மாணவர்களுக்குப் புரியாத அளவு கடினமாக இருக்கிறது, எளிமைப்படுத்தவும் என்று எழுதியிருந்தார்கள். வாசிப்புப் புரிதலை ஆராயப் போகிறவனுக்கு இதைவிட நல்ல வரவேற்பு கிடைக்காது. திருத்தி அனுப்பினேன். இன்னொரு பென்டென்சியா. ஏப்ரலில்தான் ஒருவழியாக அனுமதி வந்தது.

மே கடைசி வாரத்தில் வெள்ளோட்டம் என்று நாள் குறித்தேன். மே 21 அன்று நாடு முழுக்க லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். டீசல் விலை ஏற்றம்தான் காரணம். நாலைந்து நாளில் பெட்ரோல் பங்க்குகள் வறண்டன, பஸ்களைக் குறைத்தார்கள், வகுப்புகளும் நின்றன. அது முடிந்து மூச்சு விடுவதற்குள் உலகக் கோப்பை வந்துவிட்டது. ஜூன் 27 புதன்கிழமை பிற்பகல் செர்பியாவோடு ஆட்டம், பிரேசில் 2-0 என்று ஜெயித்தது. அன்று இரவு வகுப்புக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். அந்த நாளைப் போய்க் குறித்திருந்தேனே என்று என் நெறியாளர் சிரித்தார். அவரை எல்லோரும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மேடம் என்று சொல்லிப் பழகிய என் வாய்க்கு அது வரவே இல்லை. கடைசிவரை ‘ப்ரொஃபெசோரா’தான். மறுநாள் வியாழக்கிழமை, இரவு ஏழு மணிக்கு, தேர்வு நடந்தது.

இரவு வகுப்பு மாணவர்கள் பகலில் வேலைக்குப் போகிறவர்கள். கடையிலும் கால் சென்டரிலும் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, பையில் ரெண்டு பாவ் ஜி கேஜு வாங்கிப் போட்டுக்கொண்டு வருவார்கள். மினாஸ்காரர்களின் சீஸ் பணியாரம் அது. தாளை வாங்கியதும் ஒரு பெண் கேட்ட முதல் கேள்வி, “ஈ எங்கே?” நான் நான்கு விடைகள்தான் கொடுத்திருந்தேன். எனெம் எழுதியவர்களுக்கு ஏ முதல் ஈ வரை ஐந்து இருந்தால்தான் அது தேர்வு. ஒன்று குறைந்தால் அச்சுப்பிழை.

அந்த மழைப் பகுதியில் நான் போட்டிருந்தவை எல்லாம் இரண்டெழுத்து, மூன்றெழுத்து ஆங்கில வார்த்தைகள். மழை ‘லெட் அப்’ ஆனது (ஓய்ந்தது), விவசாயிகள் விதைப்பை ‘புட் ஆஃப்’ செய்தார்கள் (தள்ளிப்போட்டார்கள்), கையிருப்பு ‘ரன் அவுட்’ ஆனது (தீர்ந்தது), எப்படியோ ‘கெட் பை’ பண்ணினார்கள் (சமாளித்தார்கள்). தேர்வு முடிந்த பிறகு நான்கு பேரை உட்காரவைத்து, படிக்கும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். ஒருவர் ‘புட்’ என்பதைத் தொட்டார், வைப்பது. ‘ஆஃப்’ என்பதைத் தொட்டார், சுவிட்சில் இருக்குமே, அணைப்பது. விவசாயிகள் விதைப்பை அணைத்து வைத்துவிட்டார்கள் என்று முடித்தார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். இந்தியாவில் அப்படிச் செய்வீர்களோ என்னவோ என்றும் சேர்த்துக்கொண்டார்.

காப்பிப் பகுதிக்கு வந்ததும் அதே ஆள் பேனாவால் சரசரவென்று அடிக்கோடிட்டார். டிவாஸ்டேட், எராடிகேட், ப்ரெசிபிடேஷன், சப்ஸ்டிட்யூட். எல்லாம் லத்தீன் வழி வந்தவை, எல்லாமே அவர் வீட்டில் பேசும் மொழியில் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. ஆங்கிலத்தில் ‘ஷன்’ என்று முடிந்தால் போர்ச்சுகீசியத்தில் ‘சவுன்’ என்று முடியும். ப்ரெசிபிடேஷன் என்ற வார்த்தையை நான் பிளஸ் டூ வேதியியல் லேபில்தான் முதலில் பார்த்தேன். அவர்களுக்கு அது தினசரி வானிலை அறிக்கையில் வருவது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது, ஏனென்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு வார்த்தை பொறுக்கவில்லை. ஃப்ளெஷ் என்பவர் 1948இல் கொடுத்த வாசிப்பெளிமைச் சூத்திரத்தில் இரண்டு பகுதிகளையும் போட்டுப் பார்த்திருந்தேன். மழைதான் சுலபம் என்று அது அடித்துச் சொன்னது. அந்தச் சூத்திரம் எண்ணுவது இரண்டே விஷயம்: வாக்கியத்தில் எத்தனை வார்த்தை, வார்த்தையில் எத்தனை அசை. ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது சரி. நான் ஆங்கிலம் கற்ற விதத்துக்கும் ஓரளவு சரி. இவர்களுக்குத் தலைகீழ். வார்த்தை நீண்டால் வீட்டுக்காரன், குட்டையானால் அந்நியன்.

இன்னொன்றும் கவனித்தேன், அதில்தான் எனக்குத் தமிழ் கைகொடுத்தது. ‘காஃபி லீஃப் ரஸ்ட் கன்ட்ரோல் புரோகிராம்’ என்று ஆங்கிலத்தில் ஒரு தொடர் வரும். அப்படியே தமிழில் வைத்துப் பாருங்கள்: காப்பி இலைத் துருக் கட்டுப்பாட்டுத் திட்டம். வரிசை மாறவே இல்லை. கடைசி வார்த்தைதான் தலை, மற்றவை அதற்கு முன்னால் வரிசைகட்டி நிற்கும். பள்ளியில் யாரும் இதை எனக்குச் சொல்லித்தரத் தேவைப்படவில்லை. போர்ச்சுகீசியத்தில் திட்டம்தான் முதலில் வரும், பிறகு கட்டுப்பாடு, பிறகு துரு, கடைசியில் காப்பி. அதனால் அவர்கள் இந்தத் தொடரை இடமிருந்து படித்து, முதலில் நிற்கும் காப்பியையே தலையாக எடுத்துக்கொண்டார்கள். அரசு எதைத் தொடங்கியது என்ற கேள்விக்கு ஒரு வகைக் காப்பியை என்று பலர் குறித்திருந்தார்கள். கேள்வியின் குறிப்பேட்டில் நான் ‘மிகச் சுலபம்’ என்று எழுதி வைத்திருந்தேன்.

சரி, கேள்விகளுக்கு வருவோம். முதல் பிரதியில் கேள்வியும் ஆங்கிலத்தில்தான் இருந்தது. ப்ரொஃபெசோரா அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அவர்கள் பகுதியைப் படித்துப் புரிந்துகொள்கிறார்களா என்று பார்க்கிறாயா, இல்லை உன் கேள்வியைப் புரிந்துகொள்கிறார்களா என்று பார்க்கிறாயா?” எனெமில்கூடப் பகுதி ஆங்கிலத்தில் இருக்கும், கேள்வியும் விடைகளும் போர்ச்சுகீசியத்தில் இருக்கும். மாற்றினேன். என் போர்ச்சுகீசியத்தைச் சக மாணவி ஒருவர் சிவப்பு மையால் குளிப்பாட்டினார்.

மாற்றியதும் புதுச் சிக்கல். பகுதியில் ‘டிவாஸ்டேட்டட்’ என்று இருந்தது, நான் விடையில் ‘தெவாஸ்டோ’ என்று எழுதியிருந்தேன். படிக்கவே வேண்டாம், ஜோடி சேர்த்தால் போதும். சாயல் இல்லாத நாட்டு வழக்குகளாகத் தேடித் தேடி விடைகளை மாற்றி எழுதுவதிலேயே ஜூலை முழுக்கப் போயிற்று.

அதோடு விட்டதா? காப்பிப் பகுதி அவர்களுக்குச் சுலபமானதற்கு வார்த்தை மட்டும்தான் காரணமா என்று ப்ரொஃபெசோரா ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். பகுதியைக் கொடுக்காமல் கேள்விகளை மட்டும் கொடுத்துப் பார் என்றார். வேறொரு வகுப்பில் கொடுத்தேன். சிலர் அப்படியே சரியாக எழுதினார்கள். பிரேசிலில் காப்பி மிக அதிகமாக விளைவது மினாஸில்தான். மாநிலத்தின் தெற்கிலிருந்து வந்த ஒரு பையனின் தாத்தாவுக்குத் தோட்டம் இருந்தது. துரு நோய் 1970இல் பாயியா மாநிலத்தில் வந்து இறங்கியதையும், இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி அப்புவதையும் அவன் எனக்கே பாடம் எடுத்தான். அவனிடம் என் தேர்வு அளந்தது தாத்தாவைத்தான்.

அதனால் பிரேசில் பகுதியை வெட்டிவிட்டு இலங்கைக்குப் போனேன். அதே நோய் 1869இல் சிலோனில் பிடித்தது. தமிழ்நாட்டிலிருந்து போன கூலித் தொழிலாளர்கள் எழுப்பிய காப்பித் தோட்டங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. முதலாளிகள் தேயிலைக்கு மாறினார்கள். நமக்கெல்லாம் ஒருவாறு தெரிந்த கதை. மினாஸில் கேள்விப்பட்டவர்கள் யாரும் இல்லை. மறுபடியும் பகுதியில்லாமல் கேள்விகளை மட்டும் கொடுத்துப் பார்த்தேன். இந்தத் தடவை எல்லோரும் குருட்டாம்போக்கில்தான் குறித்தார்கள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஒரு கேள்வியில் மட்டும் எங்கள் இருவருக்கும் சண்டை. தோட்ட முதலாளி எல்லாம் நன்றாக இருப்பதுபோல் நடித்தார் என்பதற்கு ‘ப்ரிடெண்டெட்’ என்று எழுதியிருந்தேன். போர்ச்சுகீசியத்தில் ‘ப்ரெத்தென்டேர்’ என்றால் உத்தேசிப்பது. பொய் நண்பன் என்பார்கள் இப்படிப்பட்ட வார்த்தைகளை. வழக்கமாக ஒரு கேள்வி நல்லதா என்று பார்க்க, அதிக மதிப்பெண் எடுத்த 27 சதவீதம் பேரையும் குறைவாக எடுத்த 27 சதவீதம் பேரையும் ஒப்பிடுவோம். மேலே உள்ளவர்கள் கூடுதலாகச் சரி செய்திருக்க வேண்டும். இதில் இரு தரப்பும் ஒன்றுபோலத் தப்பு. சாயலைப் பிடித்து நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்களைத்தான் அந்தச் சாயல் கவிழ்த்தது. கேள்வியைத் தூக்கு என்றார் அவர், எதையும் பிரித்துக் காட்டவில்லை என்பது அவர் வாதம். இதுதான் உண்மையான ஆங்கிலம், இருக்கட்டும் என்றேன் நான். தூக்கினோம். இப்போது யோசித்தால் அவர் சொன்னதுதான் சரி, ஆனால் அப்போது இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதற்குப் பதிலாக ‘ஹார்ட்லி’ கேள்வியை வைத்துக்கொள்ள விட்டார். சில ஆண்டுகளில் ‘ஹார்ட்லி எனி காஃபி வாஸ் லெஃப்ட்’, அதாவது காப்பி அநேகமாக மிஞ்சவே இல்லை. ஹார்ட் என்றால் கடினம், ‘லி’ என்றால் போர்ச்சுகீசிய ‘மென்சி’, ஆகவே கஷ்டப்பட்டுக் கொஞ்சம் காப்பி மிஞ்சியது என்று பலர் படித்தார்கள். நன்றாகப் படிப்பவர்கள் பக்கத்து வாக்கியத்தை வைத்துச் சமாளித்தார்கள். தேர்வில் நன்றாகப் பிரித்துக் காட்டிய கேள்விகளில் அதுவும் ஒன்று.

செப்டம்பரில் இறுதித் தேர்வு. ஐந்து விடைகள், ஈயும் சேர்த்து. கறுப்புப் பேனா, விடைகளைக் குறிக்கத் தனியாகக் ‘கபரித்து’ தாள், ஐம்பது நிமிடம். நேரம் முடிந்து தாள்களை வாங்கிக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் ஒருவர் மட்டும் எழவில்லை. சூப்பர்மார்க்கெட் சீருடையிலேயே வந்திருந்தார், வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். தாளை நீட்டினார், கையை எடுக்கவில்லை.

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க ப்ரொஃபெசோர். காப்பி மிஞ்சுச்சா, இல்லையா?”

தேர்வு முடிந்துவிட்டது, சொன்னால் தப்பில்லை. “அநேகமா ஒண்ணும் மிஞ்சல” என்றேன்.

“அப்போ எதைத்தான் குடிச்சாங்க?”

கடைசிப் பத்தியில் அது இருந்தது. அவர் அதுவரை வரவில்லை போல. “டீ” என்றேன்.

முகத்தைச் சுளித்தார். “பாவம்” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.