தம்பி போட்ட கோடு, அம்மா ஏற்றிய வண்ணம்

ஜெயிலில் மனு பார்க்க, அதாவது உள்ளே இருப்பவரைச் சந்திக்க, போனவர்களுக்குத் தெரியும். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தம்பி, இந்தப் பக்கம் நாம், கூடவே கத்திப் பேசும் நாலைந்து குடும்பங்கள். "சாப்பிட்டியா, வக்கீல் என்ன சொன்னார்" என்பதற்குள் நேரம் முடிந்துவிடும். தம்பி தண்டனைக் கைதியான பிறகு எங்கள் பேச்சு இன்லேண்டு லெட்டருக்குப் போனது. அதுவும் படமாக.

அம்மா செய்வது கருப்பூர் கலம்காரி, துணியில் இயற்கைச் சாயத்தால் எழுதும் ஓவியம், 2021இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே வேலை. கோவிலில் உருளையாகத் தொங்கும் தொம்பை, வாசலில் தொங்கும் வாசல் மாலை என்று துணிகள் எழுதுவார். வீட்டில் கோடு போடுவது தம்பிதான். உள்ளேயிருந்தும் போட்டு அனுப்பு என்றார் அம்மா.

முதல் படம் வந்துசேரவில்லை. கடிதத்தையெல்லாம் பிரித்துப் பார்த்துத்தான் விடுவார்கள். கட்டம் கட்டமாக அவன் போட்ட கரை, பார்த்தவருக்குக் கட்டட பிளான் மாதிரி இருந்ததாம்! 1965இல் சன்ஸ்கிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வக்கீல் எடுத்துச் சொன்னார்: தடுப்புக் காவலில் இருந்தவர் எழுதிய அறிவியல் நூலை வெளியே அனுப்ப விதியில் தடை இல்லை, அதனால் அதிகாரி மறுக்க முடியாது. வழக்குக்கெல்லாம் நாங்கள் போகவில்லை. பழைய தொம்பையின் போட்டோவை இணைத்து நல அலுவலரிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்தோம். அப்புறம் தம்பி ஒரு லெட்டருக்கு ஒரே உருவம் வரைந்து, கீழே அன்னப்பட்சி, யாளி என்று பெயரும் எழுதினான். வரத் தொடங்கின.

கோட்டின் மேல் ஊசியால் துளை போட்டு, துணிமேல் விரித்து, கரித்தூள் முடிச்சால் தட்டுவேன். துணி முன்பே கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைத்தது. பால் இருந்தால் மை பரவாது. இரும்புத் துருவை வெல்லத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் மை, தொடும்போது வெளிறித்தான் இருக்கும். கடுக்காய் பட்டதும் கறுக்கும். அதைப் பார்க்க முடியவில்லையே என்பதுதான் தம்பிக்குக் குறை. முடிந்ததை பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பினால், "யாளிக்கு இவ்வளவு சிவப்பு எதுக்கு?" என்று அடுத்த மனுவில் அம்மாவோடு சண்டை. எனக்கு அந்தச் சண்டை பிடிக்கும். வழக்கைப் பற்றி யாரும் பேசாத நேரம் அதுதான்.

உள்ளே அவனுக்கு நம்பர்தான் பெயர். அதனால் ஒவ்வொரு படத்திலும் கொடி இலைகளுக்குள் தன் பெயரை ஒளித்து எழுதினான். நான் அதை விட்டுவிட்டுத் துளை போடலாமா என்று கேட்டேன். "அதுல மட்டும் கை வைக்காதே" என்றார் அம்மா.

வாசல் மாலை எடுக்க வந்த தரகர் கண்டுபிடித்துவிட்டார். "சாமி துணியில கைதி பேராம்மா?"

"அப்ப வச்சுட்டுப் போங்க."

விலையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு எடுத்துப் போனார். கோடு போடுகிறவருக்கு வெளியே என்ன கூலியோ அதை அம்மா ஒரு ரூபாய் குறைக்காமல் தம்பியின் கேன்டீன் கணக்கில் கட்டச் சொன்னார்.