ஸ்டெல்லாரிஸ்: முதல் நூறு வருஷம் விருந்து, அப்புறம் கணக்குப்பிள்ளை வேலை

விண்வெளியில் பேரரசு கட்டும் வியூக கேம், பாரடாக்ஸ் நிறுவனத்தின் ஸ்டெல்லாரிஸ், 2016 மே மாதம் வந்தது. இன்று அதே பெயரில் விற்பது ஏறக்குறைய வேறு கேம். முதலில் நட்சத்திரங்களுக்கிடையே போக மூன்று வழிகள் இருந்தன. 2018 பிப்ரவரியில் வந்த 2.0 பேட்ச் (புதுப்பிப்பு) நட்சத்திரங்களை இணைக்கும் நிலையான பாதைகளான ஹைப்பர்லேனை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் தூக்கிவிட்டது. அந்த வருஷக் கடைசியில் 2.2 கிரகப் பொருளாதாரத்தைப் பிரித்துப்போட்டு மறுபடி கட்டியது. 2025 மே மாதம் 4.0 அதையும் மாற்றியது. அதனால் யூடியூபில் எந்த வழிகாட்டி வீடியோ பார்த்தாலும் முதலில் பேட்ச் எண்ணைப் பாருங்கள். இவ்வளவு இடித்துக் கட்டியும் ஒன்று மட்டும் மாறவில்லை: தொடக்கம் அபாரம், பின்பாதி இழுவை.

ஆட்டம் 2200-இல் தொடங்குகிறது. கையில் ஒரு கிரகம், ஒரு சயின்ஸ் ஷிப், ஒரு கட்டுமானக் கப்பல், மூன்று கார்வெட் (சிறிய போர்க்கப்பல்). மேப் முழுக்க இருட்டு. சயின்ஸ் ஷிப் ஒவ்வொரு நட்சத்திரமாக ஆராயும்போது ஏதாவது தட்டுப்படும். அதில்தான் இந்த கேமின் உயிர் இருக்கிறது. நீங்கள் அன்னிய இனமாக ஆடினால் நம்முடைய சூரியக் குடும்பமே கண்ணில் படலாம். சில ஆட்டங்களில் பூமியில் மனிதர்கள் ஏதோ ஒரு பழைய காலகட்டத்தில் இருப்பார்கள். சிலவற்றில் அணுப்போரில் அழிந்த பூமியில் கரப்பான்பூச்சிகள்தான் மிஞ்சியிருக்கும், அவற்றை அறிவுள்ள இனமாக வளர்த்தெடுக்கவும் செய்யலாம். இந்தக் குறும்பு வேறு வியூக கேம்களில் கிடைப்பது அரிது.

புதியவர்கள் கவிழ்வது போரில் அல்ல, கன்ஸ்யூமர் கூட்ஸில் (நுகர்வுப் பொருள்கள்). ஆராய்ச்சி வேகமாக ஓடட்டும் என்று லேப் மேல் லேப் கட்டுவார்கள். ஆராய்ச்சியாளர்கள் கன்ஸ்யூமர் கூட்ஸைத் தின்றுதான் வேலை செய்கிறார்கள். அதைத் தயாரிக்க மினரல் வேண்டும், கப்பல் கட்டும் அலாய்க்கும் (உலோகக் கலவை) அதே மினரல்தான். பற்றாக்குறை வந்ததும் மார்க்கெட்டில் வாங்கிச் சமாளிக்கப் பார்ப்பார்கள். வாங்க வாங்க விலை ஏறும், கமிஷன் வேறு. கையிருப்பு பூஜ்யமானால் உற்பத்திக்கே அபராதம் விழுந்து பள்ளம் இன்னும் ஆழமாகும். மாத வரவு பிளஸ்ஸில் இருக்கும்போதே அடுத்த லேபுக்கான மினரலையும் தொழிற்சாலையையும் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் லேபில் கை வைக்க வேண்டும்.

போரில் இன்னொரு பொறி, கப்பற்படைக்குப் பக்கத்தில் தெரியும் பலம் எண். எதிரி எந்த ஆயுதம், எந்தக் காப்பு வைத்திருக்கிறான் என்பது அந்த எண்ணில் இல்லை. குண்டு எறியும் கைனட்டிக் துப்பாக்கி ஷீல்டை (ஆற்றல் திரை) கிழிக்கும், ஆர்மரில் (கப்பலின் கவசத் தகடு) தடுமாறும். லேசர் நேர்மாறு. மிசைல் ஷீல்டைத் தாண்டிப் போகும், ஆனால் பாயிண்ட் டிஃபென்ஸ் இருந்தால் வழியிலேயே சுட்டுவிடும். கடைசிக் கட்டத்தில் எல்லாரையும் தாக்க ஒரு பேராபத்து வரும். பிரெத்தோரின் என்ற உயிரினக் கூட்டம் வந்தால் அவற்றுக்கு ஷீல்டே கிடையாது, கைனட்டிக்கைக் கழற்றி லேசர் மாட்டுங்கள். அன்பிடன் என்ற வேற்றுப் பரிமாண எதிரிகள் வந்தால் ஷீல்ட்தான் முக்கியக் கவசம், மறுபடி கைனட்டிக். தானியங்கி டிசைன் எல்லாவற்றிலும் கொஞ்சம் கலந்து மாட்டிவைக்கும், அதை நம்ப வேண்டாம். நிலம் பிடிக்கும் போர் என்றால் கிளெய்மை (எந்த இடம் வேண்டும் என்ற உரிமைக்கோரல்) சண்டைக்கு முன்பே போட்டுவிடுங்கள். போர்ச்சோர்வு நூறைத் தொட்டால் எதிரி சமாதானத்தைத் திணிக்க முடியும். அப்போது கிளெய்ம் போட்டுக் கைப்பற்றிய இடங்கள்தான் உங்களுக்கு.

இனி குறைகள். 2300 தாண்டியதும் ஆராய இடம் தீர்ந்துவிடும், கதை நின்றுபோகும். முப்பது நாற்பது கிரகங்கள், ஒவ்வொன்றிலும் வேலையில்லாதவர்கள், வீடில்லாதவர்கள் என்று மணி அடித்துக்கொண்டே இருக்கும். தானியங்கி நிர்வாகம் உண்டு, ஆனால் அது கட்டுவதைப் பார்த்தால் நாமே கட்டலாம் என்று தோன்றும். அதோடு லேக், அதாவது ஆட்டம் திணறித் திணறி நகர்வது. 2.2-க்குப் பின் மக்கள்தொகையின் ஒவ்வொரு அலகுக்கும் வேலை தேடும் கணக்கு பிராசஸரை மூச்சுத் திணறவைத்தது. 2021-இல் 3.0 பேரரசு பெருக்கப் பெருக்க மக்கள் வளர்ச்சியை மந்தமாக்கியது. லேக் கொஞ்சம் குறைந்தது. ஆனால் பிள்ளை பெற்று வளர்வதைவிட அடுத்தவன் கிரகத்தைப் பிடுங்குவதே லாபம் என்றாகிவிட்டது. அமைதியாக ஆடுபவர்களுக்கு இது அநியாயம். 4.0 மக்களைக் குழுக்களாகச் சேர்த்துக் கணக்கைச் சுருக்கப் பார்த்தது. வந்த புதிதில் பிழைகள் மலிந்திருந்தன.

இந்தத் தொல்லையில் பாதியை ஆட்டம் தொடங்கும் திரையிலேயே தீர்க்கலாம். மேப் 1000 நட்சத்திரம் வரை போகும். 400 போதும், எதிரிகள் ஆறேழு பேர். குடியேறத்தக்க கிரகங்களை 0.5-க்கு இறக்குங்கள். பெரிய லாபம் இதில்தான், லேகும் குறையும், பராமரிப்பும் குறையும். ஜீனோ கம்பாட்டிபிலிட்டியை (வெவ்வேறு இனங்கள் கலந்து பிள்ளை பெறுவது) அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கலப்பினங்கள் பெருகிப் பட்டியல் முடிவில்லாமல் நீளும். நடுக்கட்டம் 2300, கடைக்கட்டம் 2400 என்று இருப்பதை 2275, 2350 என்று முன்னுக்கு இழுத்தால் சும்மா காத்திருக்கும் காலம் பெருமளவு குறையும்.

டிஎல்சி (தனியாக வாங்க வேண்டிய கூடுதல் தொகுப்பு) பட்டியல் பயமுறுத்தும். எல்லாம் வேண்டாம், யுடோபியா ஒன்று இருந்தால் நெடுநாள் ஓடும். நண்பர்களோடு ஆடினால் ஆட்டத்தை நடத்தும் ஹோஸ்ட் வைத்திருக்கும் டிஎல்சி அந்த ஆட்டத்தில் மற்றவர்களுக்கும் கிடைக்கும், ஆளுக்கொன்று வாங்கத் தேவையில்லை. பாதி ஆட்டத்தில் பெரிய பேட்ச் வந்தால் பழைய சேவ் கெட்டுப்போக வாய்ப்பு அதிகம், மாட் (mod, ரசிகர்கள் செய்த மாற்றங்கள்) போட்டிருந்தால் சொல்லவே வேண்டாம். கேம் வாங்கி ஆடும் ஸ்டீம் செயலியில் கேமின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் பீட்டாஸ் பகுதிக்குப் போனால் பழைய பதிப்புகள் இருக்கும். ஆட்டம் முடியும்வரை அதிலேயே இருங்கள்.