சட்டைப் பொத்தானில் ஃபெயில் ஆனேன்

சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊரில் அப்பத்தா படுத்த படுக்கையாகக் கிடந்த ஒன்பது மாதமும் நான்தான் பார்த்துக்கொண்டேன். குளிப்பாட்ட, ஊட்ட, துடைத்துவிடத் தெரியும், வேறென்ன வேண்டும் என்ற தைரியத்தில்தான் இங்கிலாந்துக்குக் கேர் ஹோம் (முதியோர் இல்லம்) வேலைக்குக் கிளம்பினேன். ஆங்கிலத் தேர்வு, காசநோய்ப் பரிசோதனை, போலீஸ் சான்றிதழ் எல்லாம் முடித்து 2023 பிப்ரவரியில் யார்க்‌ஷயர் வந்து சேர்ந்தேன். ஏஜென்டுக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் வயிறு எரியும், அதை விடுங்கள்.

சேர்ந்ததும் கேர் சர்டிஃபிகேட், அதாவது இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கான அடிப்படைப் பயிற்சி. அப்போது 15 பகுதிகள், ஏறக்குறைய 12 வாரம். எழுத்து வேலையைச் சமாளித்துவிடலாம். நாம் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்து மதிப்பிடுவார்கள், அதுதான் கலக்கும்.

ஷிஃப்ட் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. முதலில் ஹேண்டோவர், ராத்திரி ஷிஃப்ட் ஆட்கள் நிலவரம் சொல்லி ஒப்படைப்பது: யார் ராத்திரி தூங்கவில்லை, யாருக்கு இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருக்கிறது, யார் தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை. அப்புறம் ஓட்டம்தான். அப்பத்தாவை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிய வித்தையை முதல் நாளே மறக்கச் சொன்னார்கள். அப்படித் தூக்கினால் பெரியவருக்குத் தோள் பிசகும், நமக்கு இடுப்பு போகும். நிற்க முடியாதவர்களுக்கு ஹாய்ஸ்ட் என்னும் தூக்கும் கருவி, கூட இன்னொரு ஆள், ஆளைத் தாங்கும் துணித்தொட்டில் மாதிரியான, அவரவர் அளவுக்கான ஸ்லிங். படுக்கையிலேயே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்து, சார்ட்டில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் செய்யாத கணக்குதான். விழுங்கச் சிரமப்படுபவரின் டீயில் கெட்டியாக்கும் பொடி கலக்க வேண்டும். எத்தனை ஸ்பூன் என்று கேர் பிளானில், அதாவது அவருக்கு எப்படி உதவ வேண்டும் என்ற குறிப்பில், எழுதியிருக்கும், கண்ணளவு கூடாது.

மொழி தனிப்பாடு. ஒரு பாட்டி “ஸ்பெண்ட் எ பென்னி” என்றார். நான் அவருடைய பர்ஸைத் தேடிக்கொண்டிருக்கிறேன், அவருக்கு அவசரமாகப் பாத்ரூம் போக வேண்டும்! ஒருகாலத்தில் பொதுக்கழிப்பறைக் கதவைத் திறக்க ஒரு பென்னி போடணுமாம். “நிதர்ட்” என்றால் குளிரில் விறைத்துப்போனேன் என்று அர்த்தம். அதை யாரும் சொல்லித்தராமலே புரிந்துகொண்டேன்.

சரி, பொத்தானுக்கு வருகிறேன். பக்கவாதம் வந்து வலது கை தொய்ந்துபோன ஒரு தாத்தா. முகம் கழுவி, சட்டை மாட்டி, தலை வாரி, பன்னிரண்டே நிமிடத்தில் ஆளைத் தயார் செய்துவிட்டேன். எனக்கே பெருமையாக இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த சீனியர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். “கேர் பிளான் படித்தாயா? பொத்தானை அவரே இடது கையால் போட்டுக்கொள்வார். இப்படி ஆளாளுக்குப் போட்டுவிட்டால் அடுத்த மாதம் அவருக்கு அது வராது.” ஃபெயில். மறுபடி செய்யணும்.

நம் ஊரில் ஒரு பெரியவர் பொத்தானோடு மல்லுக்கட்ட, நாம் சும்மா நின்றால் “மரம் மாதிரி நிக்கிறியே” என்று திட்டுவார்கள். இங்கே அப்படி நிற்கத்தான் சம்பளம். ஆனால் ஆள் குறைந்த நாட்களில் நாங்கள் எல்லோருமே பொத்தானைப் போட்டுவிடுகிறோம், அதையும் சொல்லிவிட வேண்டும். நாலு அறையில் பெல் அடிக்கும்போது கேர் பிளான் எங்கே ஞாபகம் வரும்?

இரண்டு வாரம் கழித்து மறுபடி அதே தாத்தா. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். மூன்றாவது பொத்தான் தப்பான ஓட்டையில் போனது. விரல் துறுதுறுத்தது. அவரே குனிந்து பார்த்தார், கழற்றினார், திரும்பப் போட்டார். பொத்தானுக்கு மட்டும் பதினோரு நிமிடம். அப்பத்தா ஸ்பூனைக் கேட்டுக் கேட்டுக் கை நீட்டியதும், சிந்திவிடும் என்று நான் கொடுக்காததும் அப்போது ஞாபகம் வந்தது.

சீனியர் கையெழுத்துப் போட்டார். அதற்குள் தாத்தாவின் ஓட்ஸ் கஞ்சி ஆறிப்போயிருந்தது. சூடுபண்ண எடுத்துக்கொண்டு ஓடினேன்.