கொடி தளிர்க்கும் முன்

2025 மார்ச் 18 அன்று பொழுது விடிவதற்கு வெகுநேரம் முன்பே எங்கள் வீட்டுக் கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சிகாகோவில் விடியற்காலை 5.10. டோக்கியோ டோமில் அப்போது மாலை 7.10. பதினான்கு மணி நேர இடைவெளியைத் தாண்டி, எங்கள் சிகாகோ கப்ஸ் அணி அந்த ஆண்டின் முதல் பேஸ்பால் ஆட்டத்தை லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு எதிராக ஆடத் தொடங்கியது. இரு பக்கமும் முதல் பந்தை வீசியவர்கள் ஜப்பானியர்கள்: எங்களுக்கு ஷோட்டா இமனாகா, அவர்களுக்கு யோஷினோபு யமமோட்டோ. இமனாகா நான்கு இன்னிங்ஸ் வரை எதிரணிக்கு ஒரு ஹிட்கூடத் தரவில்லை. அவர் வெளியேறிய பிறகு ஆட்டம் கைநழுவி, 4-1 என்று தோற்றோம். மறுநாளும் 6-3 என்று தோல்வி. இரண்டாவது நாள் காப்பியைக் குடித்து முடிக்கும்போது, அடுத்த வாரத்துக்கு எடுத்து வைத்திருந்த விமானச் சீட்டுகளை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொண்டேன். முதலில் ஃபீனிக்ஸ், அடுத்து சாக்ரமெண்டோ, கடைசியாக எங்கள் ஊர்.

ஒரு அணிக்கு ஆண்டுக்கு 162 ஆட்டங்கள். மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை ஏறத்தாழ நாள்தோறும் ஆடுகிறார்கள். பலரும் கோடை விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போவார்கள். அல்லது அணி முன்னேறியிருந்தால் செப்டம்பரில் போவார்கள். எனக்கு முதல் சில வாரங்கள்தான் முக்கியம். அணி எப்படிப்பட்டது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. டிசம்பரில் ஹூஸ்டனிலிருந்து வந்து சேர்ந்த கைல் டக்கர் எங்கள் மைதானத்தின் காற்றில் எப்படி அடிப்பார்? டோக்கியோவில் முதல் பெரிய ஆட்டத்தை ஆடிய இளைஞர் மேட் ஷா மூன்றாம் பேஸில் (பந்தை அடித்தவர் ஓடிச் சுற்றிவர வேண்டிய நான்கு முனைகளில் ஒன்று) தடுப்பாளராக நிலைப்பாரா? இவற்றுக்கெல்லாம் விடை ஜூலையில் செய்தித்தாளில் கிடைத்துவிடும். அந்த விடை உருவாகும்போது அருகில் இருக்க வேண்டும் என்பதே என் ஆசை. தவிர, ஏப்ரலில் பெறும் வெற்றியும் செப்டம்பரில் பெறும் வெற்றியும் பட்டியலில் ஒரே எடைதான்.

ஃபீனிக்ஸுக்கு அருகில் சாண்ட்லரில் என் தம்பி இருக்கிறான். பன்னிரண்டு ஆண்டுகளாக அங்கே வசிப்பதால் அவன் அந்த ஊர் அணியான அரிசோனா டயமண்ட்பேக்ஸின் தீவிர ரசிகன். டயமண்ட்பேக் என்பது அந்தப் பாலைவனத்தில் வாழும், வாலில் கிலுகிலுப்பை உள்ள விரியன் வகைப் பாம்பின் பெயர். விமான நிலையத்திலிருந்து காரில் வரும்போதே அவன் கேட்டுவிட்டான்: “அக்கா, 162 ஆட்டம் இருக்கு. முதல் வாரத்துக்குப் போய் யாராவது இவ்வளவு அலைவாங்களா?” நான் பதில் சொல்லவில்லை. வாசலில் எனக்காக அவன் வாங்கி வைத்திருந்த சிவப்புச் சட்டையை மட்டும் போட்டுக்கொள்ள மறுத்துவிட்டேன்.

மார்ச் 27 அன்று சேஸ் ஃபீல்ட் அரங்கில் இருவரும் அடுத்தடுத்த இருக்கையில் அமர்ந்தோம்; அவன் சிவப்பில், நான் நீலத்தில். 1998இல் திறக்கப்பட்ட இந்த அரங்கின் கூரையை மூடித் திறக்க முடியும். வெயில் கொளுத்தும் நாட்களில் மூடிவிட்டு உள்ளே குளிரூட்டுகிறார்கள். வலப்புற வேலிக்குப் பின்னால் ஒரு நீச்சல் குளமே இருக்கிறது. எனக்கு வியப்பாக இருந்தது குளமல்ல, சுற்றிலும் தெரிந்த நீலச் சட்டைகளின் எண்ணிக்கை. கப்ஸ் அணி பல பத்தாண்டுகளாக அருகிலுள்ள மேசா நகரில்தான் வசந்தகாலப் பயிற்சி செய்கிறது. பனிக்கு அஞ்சி எங்கள் இல்லினாய் மாநிலத்திலிருந்து இங்கே குடிபெயர்ந்த முதியவர்களும் ஏராளம். 10-6 என்று எங்கள் அணி அந்த ஆண்டின் முதல் வெற்றியைப் பெற்றபோது எழுந்த கூச்சலைக் கேட்டு, “இது யார் ஊரு?” என்று தம்பி வருந்தினான். அந்த நான்கு ஆட்டங்களில் இருவருக்கும் இரண்டிரண்டு வெற்றி. இடையில் ஒரு காலை மேசாவுக்குச் சென்று, 2014இல் திறக்கப்பட்ட ஸ்லோன் பார்க் மைதானத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். பயிற்சி ஆட்டங்கள் முடிந்து, புல்சரிவில் தண்ணீர் மட்டும் பீய்ச்சிக்கொண்டிருந்தது.

சாக்ரமெண்டோ செல்லும் விமானம் காரணம் எதுவும் சொல்லப்படாமல் நான்கு மணி நேரம் தாமதமானது. மார்ச் 31 அன்று விடுதியில் பையை வைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாக, பொன்னிறம் பூசிய டவர் பாலத்தின் வழியே ஆற்றைக் கடந்தேன். அன்று அந்த ஊருக்கே பெருநாள். 1968 முதல் ஓக்லண்டில் ஆடிவந்த அத்லெட்டிக்ஸ் அணி அந்நகரை விட்டுப் புறப்பட்டுவிட்டது; லாஸ் வேகஸில் புதிய அரங்கம் எழும் வரை, சாக்ரமெண்டோ ஆற்றங்கரையிலுள்ள சிறிய சட்டர் ஹெல்த் பார்க்கில் தங்கியிருக்கிறது. தன் பெயரோடு எந்த ஊரின் பெயரையும் சேர்த்துக்கொள்ளாத அந்த அணிக்கு, புதிய இடத்தில் அதுவே முதல் ஆட்டம். ஏறத்தாழ பதினான்காயிரம் பேர் மட்டுமே கொள்ளும் இடம் என்பதால் எங்கிருந்து பார்த்தாலும் ஆட்டக்காரர்களின் முகம் தெரிகிறது. வீரர்களின் உடைமாற்றும் அறைகள் எல்லை வேலிக்கு அப்பால் இருப்பதால், உலகின் மிகப் பெரிய லீகில் ஆடுபவர்கள் கையில் மட்டையோடு புல்வெளியைக் கடந்து நடந்துவருவதைப் பார்த்தேன். ஓக்லண்டில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த அணியை நேசித்தவர்களை நினைத்து என் நெஞ்சு கனத்தது. ஓர் அணி ஊரை விட்டுப் போவது, தெருக்கோயிலின் உற்சவ மூர்த்தியை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவதைப் போன்றது.

ஆட்டத்தைப் பென்சிலால் பதிவு செய்வது என் வழக்கம். ஸ்கோர் அட்டையில் ஒவ்வொரு பேட்டருக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் ஒரு பத்தி. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் வைர வடிவில் ஒரு சிறு சதுரம். ஒருவர் தன் அடியால் ஒரு பேஸை எட்டினால் சதுரத்தின் ஒரு பக்கத்தை அழுத்திக் கோடிடுவேன். இரண்டு பேஸ் என்றால் இரண்டு பக்கம். பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பி நான்கு பேஸையும் சுற்றிவரும் ஹோம் ரன் என்றால் நான்கு பக்கமும். அன்றிரவு கேட்சர் கார்சன் கெல்லியின் வரிசையில் முதலில் நான்கு பக்கமும் கறுத்த சதுரம் ஒன்று விழுந்தது, பிறகு ஒரு பக்கம், பிறகு இரண்டு பக்கம். எட்டாவது இன்னிங்ஸில் அவர் மறுபடி அடிக்க வந்தபோது வேண்டியிருந்தது மூன்று பக்கம். மூன்று பேஸ் அடி என்பது வேகமாக ஓடுபவர்களுக்கே அரிது. நாள் முழுவதும் குந்தியிருந்து பந்து பிடிக்கும் கேட்சருக்கோ மிக அரிது. பந்து தூரத்தில் விழுந்தது, கெல்லி இரண்டாம் பேஸில் நிற்கவில்லை. மூன்றாம் பேஸை அவர் அடைந்ததும் என் கை நடுங்கியதால் மூன்றாவது கோடு சற்றுக் கோணலாகப் பதிந்தது. இந்த நான்கு வகை அடிகளையும் ஒரே ஆட்டத்தில் ஒருவர் அடிப்பதைச் ‘சைக்கிள்’ என்பார்கள். கப்ஸ் ஆட்டக்காரர் ஒருவர் அதைச் செய்தது 1993இல் மார்க் கிரேஸுக்குப் பிறகு அன்றுதான். 18-3 என்று வென்றோம். அந்தத் தொடரின் மூன்று ஆட்டங்களும் எங்களுக்கே.

ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமை. சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம். ரெட் லைன் ரயிலில் ஆடிசன் நிலையத்தில் இறங்கினால் ரிக்லி ஃபீல்ட் கண்ணெதிரே நிற்கிறது. கார் நிறுத்துமிடங்களுக்கு நடுவே தனித்து நிற்கும் அரங்கமல்ல. மளிகைக்கடைக்கும் குடியிருப்புகளுக்கும் இடையே தெருவோடு தெருவாக அமைந்தது. 1914இல் திறக்கப்பட்டது, கப்ஸ் 1916இல் குடிவந்தது. 1988 ஆகஸ்ட் வரை இங்கே விளக்குகளே இல்லை, பகல் ஆட்டம் மட்டும்தான். வாசலுக்கு வெளியே நடைபாதையில் வேர்க்கடலை விற்பவர்களிடம் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு உள்ளே போவதில் எனக்கு ஒரு நிறைவு.

இந்த மைதானத்தின் படங்களில் எல்லாரும் பார்த்திருப்பது, எல்லைச் செங்கற்சுவரை மூடியிருக்கும் பச்சைக் கொடி. 1937இல் நட்டது. பந்து அந்த இலைகளுக்குள் சிக்கிக்கொண்டால் ஆட்டக்காரர் இரு கைகளையும் உயர்த்துவார், அடித்தவருக்கு இரண்டு பேஸ் கிடைக்கும். ஆனால் ஏப்ரல் தொடக்கத்தில் வருபவர்களுக்குப் பச்சை இல்லை. செங்கல்மேல் நரம்பு நரம்பாகப் பழுப்புக் குச்சிகள் படர்ந்து, சுவர் நோயுற்றது போலத் தெரியும். முதன்முதலாக வருபவர்கள் ஏமாந்துபோவதைக் கண்டிருக்கிறேன். எனக்கோ இந்த வெற்றுச் சுவரைப் பார்த்தால்தான் ஆண்டு தொடங்கியதாகத் தோன்றும்.

அன்று எதிரணி சான் டியேகோ பாட்ரேஸ், அதுவரை ஆடிய ஏழு ஆட்டங்களிலும் வென்று வந்திருந்தது. ஏரிக் குளிருக்குக் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு அமர்ந்திருந்தோம். இமனாகா எட்டாவது இன்னிங்ஸ் வரை வீசினார். அவருடைய வேகப்பந்து அப்படியொன்றும் வேகமானதல்ல, ஆனால் மேலே எழும்புவது போன்ற மயக்கத்தைத் தருவது. பேட்டர்கள் அதற்கு அடியில் மட்டையை வீசுவதை அடுத்தடுத்துப் பார்த்தேன். டக்கர் ஒரு ஹோம் ரன் அடித்தார். 3-1. எனக்கு அடுத்த இருக்கையில் எண்பதைத் தொட்ட ஒரு பெரியவரும் அட்டை எழுதிக்கொண்டிருந்தார். 2016இல் நாங்கள் 108 ஆண்டுகளுக்குப் பின், ஆண்டின் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரை வென்ற இரவில், மழையால் ஆட்டம் நின்ற 17 நிமிடங்களும் தன் தந்தையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். பிறகு பேசாமல் பென்சிலைச் சீவிக்கொண்டார்.

முதல் வாரங்களில் நல்லது மட்டும் நடப்பதில்லை. ஏப்ரல் 7 அன்று எங்கள் பந்துவீச்சாளர் ஜஸ்டின் ஸ்டீல் டெக்சஸ் அணிக்கு எதிராக ஏழு இன்னிங்ஸ் ஓர் ஓட்டமும் தராமல் வீசினார். ஒரு வாரத்துக்குள் முழங்கையில் அறுவைச் சிகிச்சை என்றும், அந்த ஆண்டு இனி அவர் வீசமாட்டார் என்றும் செய்தி வந்தது. மாத நடுவில் மேட் ஷாவைக் கீழ்நிலை அணிகள் ஆடும் சிறிய லீகுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அன்றிரவு மனம் கனத்துச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 18, புனித வெள்ளி. டயமண்ட்பேக்ஸ் சிகாகோவுக்கு வந்திருந்தது. தம்பியால் வர முடியவில்லை. சாண்ட்லரில் வீட்டிலிருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். ஏழாவது இன்னிங்ஸில் மூன்று பேஸ்களிலும் ஆள் நிற்க, இயன் ஹாப் ஹோம் ரன் அடித்து 7-1 ஆக்கினார். சுற்றியிருந்த சிலர் ரயில் கூட்டத்துக்கு முன் கிளம்பினார்கள். எட்டாவது இன்னிங்ஸின் முதல் பாதியில் அரிசோனா அடிக்கத் தொடங்கியது. ஒருவர் பின் ஒருவராக அனைவரும் அடித்து, ஒன்பது பேரும் வந்துபோய், முதலில் வந்தவர்கள் மறுபடி வந்தார்கள். எட்டாவது பத்தியில் எனக்குக் கட்டங்கள் தீர்ந்துவிட்டன. அடுத்த பத்தியின் தலைப்பிலிருந்த ‘9’ஐக் கோடிட்டு அடித்து அங்கேயும் ‘8’ என்று எழுதிக்கொண்டேன். பத்து ஓட்டங்கள். 11-7. கைப்பேசி அதிர்ந்தது. “அக்கா, கிளம்பிடு. கூட்டத்துல மாட்டிக்காதே.”

நான் எழவில்லை. அட்டையைத் திருப்பி எங்கள் அணியின் பக்கத்தை எடுத்தேன். கெல்லி, ஒரு காலத்தில் அரிசோனாவிலேயே ஆடியவர், இரண்டு பேர் பேஸில் நிற்கும்போது பந்தை வேலிக்கு வெளியே அனுப்பினார். 11-10. அடுத்து டக்கர், ஒருவர் பேஸில் இருக்க இன்னொரு ஹோம் ரன். 12-11. அந்த ஆரவாரம் அடங்குவதற்குள் செய்யா சுசுகி மற்றொன்று. அடுத்தடுத்த வரிசைகளில் நான்கு பக்கமும் கறுத்த சதுரங்கள் விழுந்தன. பென்சில் முனை முறிந்து, கடைசிக் கோட்டை மரத்தோடு தேய்த்துப் போட்டேன். ஒரே இன்னிங்ஸில் இரு அணிகளும் சேர்ந்து 16 ஓட்டங்கள். 13-11 என்று முடிந்தது.

வெளியேறும்முன் படியில் இறங்கி எல்லைச் சுவரைக் கூர்ந்து பார்த்தேன். இரண்டு வாரத்துக்கு முன் வெறுங்குச்சியாக இருந்த கொடியில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் செந்நிறத் தளிர்கள், விரல்நகத்தைவிடப் பெரிதில்லை. அதற்கு மேலே, இன்றும் ஆள் கையாலேயே எண் மாற்றும் பழைய ஸ்கோர் பலகையின் உச்சியில் வேறொரு கொடி ஏறிக்கொண்டிருந்தது: வெள்ளைத் துணியில் நீல ‘டபிள்யூ’. வென்றால் அது, தோற்றால் நீலத் துணியில் வெள்ளை ‘எல்’. ரயிலில் வீடு திரும்புபவர்கள் அன்றைய முடிவை ஜன்னல் வழியாகவே அறிந்துகொள்ள ஏற்பட்ட வழக்கம் என்பார்கள்.

ஆடிசன் நடைமேடையில் நின்று அந்தக் கொடியைப் படமெடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். எதுவும் எழுதவில்லை. பதில் வரும்போது ரயில் பெல்மாண்ட் நிலையத்தைத் தாண்டியிருந்தது.

“அடுத்த வருஷமும் முதல் வாரமே வந்துடு, அக்கா. டிக்கெட் நானே எடுத்து வைக்கிறேன்.”