கொயருக்கு (பல குரல் பாடகர் குழுவுக்கு) எழுதும்போது கவனிக்க வேண்டியவை

பியானோவில் கட்டையை அழுத்தினால் ஸ்வரம் வந்துவிடும். பாடுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. வாயைத் திறக்கும் முன்பே ஸ்வரம் காதுக்குள் ஒலித்திருக்க வேண்டும். அதை அவர் எங்கிருந்து எடுப்பார் என்று பார்த்து வைப்பதே கொயர் இசை எழுதுகிறவரின் முக்கிய வேலை. ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்) நான்கு பார் (தாளச் சுற்று) ஓய்ந்திருந்துவிட்டு நுழைகிறதா? முந்தைய பாரில் டெனரோ (ஆண்களின் மேல்குரல்) சோப்ரானோவோ (பெண்களின் மேல்குரல்) அதே ஸ்வரத்தைத் தொட்டிருக்கட்டும். ஸ்தாயி வேறானாலும் போதும். கணினி பாடிக் காட்டும்போது இந்தக் குறை தெரியவே தெரியாது. அதற்கு மூச்சும் வாங்காது, சுருதியும் இறங்காது. நான்கு குரலையும் தனித்தனியே வாய்விட்டுப் பாடிப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

அதற்கும் முன்னால் வார்த்தை. வேதவசனங்களின் புதிய மொழிபெயர்ப்புகளுக்குப் பெரும்பாலும் பதிப்புரிமை உண்டு. மெட்டுப் போடும் முன்பே எழுத்து மூலம் அனுமதி வாங்கிவிட வேண்டும். பிறகு வரிகளை உரக்கப் படித்து, அழுத்தம் விழும் அசைகளைக் குறித்துக்கொள்வது நல்லது. 'இ', 'உ' ஒலிகள் உச்சத்தில் விழக் கூடாது. அவற்றைச் சொல்லும்போது வாய்க்குள் எழும் முதல் ஒத்ததிர்வு (ஒலி தானாகப் பெருகும் அதிர்வெண்) சுமார் 300 ஹெர்ட்ஸ். சோப்ரானோவின் மேல் எஃப் (F ஸ்வரம்) அதற்கு வெகு மேலே, 698 ஹெர்ட்ஸ். அந்த உயரத்தில் எந்த உயிரெழுத்தும் 'ஆ' பக்கம் சாய்ந்துவிடும். வார்த்தை புரிய வேண்டிய இடத்தை நடு ஸ்தாயியில் வைப்பதுதான் சரி. ஒரு குரலின் எல்லையைவிட அது எங்கே தங்குகிறது என்பதே பெரிய விஷயம். மேல் இ (E), எஃப் (F) ஸ்வரங்களில் இரண்டு பக்க நீளத்துக்கு நிற்பது, ஒரே ஒரு தடவை மேல் ஏ (A) தொடுவதைவிடத் தொண்டையை வாட்டும்.

சுருதி இறங்குவதற்குப் பாடகர்களின் கவனக்குறைவை மட்டும் காரணம் சொல்வது நியாயமில்லை. பல சமயம் எழுதியவரே பொறுப்பு. பியானோவின் அந்தர காந்தாரம் ஸட்ஜத்திலிருந்து 400 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). துணைக்கருவி இல்லாமல் பாடும் நல்ல குழு, 386 சென்டில் துல்லியமாகச் சேரும் காந்தாரத்தை நாடும். சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களான கார்டுகளில் சி மேஜர், ஏ மைனர், டி மைனர், ஜி மேஜர், மறுபடி சி மேஜர் என்று போய், பொதுவான ஸ்வரங்களை அசையாமல் பிடித்து, ஒவ்வொரு கார்டையும் தூய்மையாகப் பாடினால், திரும்பி வரும் சி சுமார் 22 சென்ட் கீழே இருக்கும். ஐந்து முறை சுற்றினால் அரை ஸ்வரத்துக்கும் அதிகமாக இறங்கிவிடும். குழு எவ்வளவு நன்றாகக் கேட்டுப் பாடுகிறதோ அவ்வளவு இறங்கும்! எனவே இந்தச் சுற்றைத் திரும்பத் திரும்ப எழுதாமல் இருப்பது ஒரு வழி. இடையில் எல்லோரும் சேரும் ஒற்றை ஸ்வரம் வைப்பது இன்னொன்று. மூன்று நிமிடம் தனியாகப் பாடிய குழுவின்மேல் அதே கட்டையில் (ஆதார சுருதியில்) ஆர்கனைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் ஆபத்து. இறங்கியது அத்தனையும் அந்தக் கணத்தில் அம்பலமாகும். ஆர்கன் வேறு கட்டையில் நுழையட்டும், அல்லது இடையிடையே மெல்ல ஒலித்துக்கொண்டே இருக்கட்டும்.

எதிரொலி ஐந்து விநாடி நீடிக்கும் பெரிய ஆலயத்தில் வேகமான கார்டு மாற்றம் கலங்கிப்போகும். அங்கே பாஸுக்கும் (ஆண்களின் கீழ்க்குரல்) டெனருக்கும் இடையில் அகலமான இடைவெளி விடலாம்; உரத்த கார்டுக்குப் பின் முழு ஓய்வு வைக்கலாம். முடிவில் வரும் 'ஸ்' எந்தத் தாளத் தட்டில் விழ வேண்டும் என்பதையும் நோட்டேஷனிலேயே காட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் இருபது பேரும் இருபது இடத்தில் சீறுவார்கள்.

வழிபாட்டுக்கு எழுதும்போது நேரம் சடங்கின் கையில். திருப்பலியில் இரக்கம் வேண்டும் பாடலான கீரியேவில் சில சொற்களே உள்ளன, திரும்பத் திரும்ப வரலாம். புகழ்ப்பாடலான குளோரியா நீண்டது, அசைக்கு ஒரு ஸ்வரம் என்று நகர்த்தாவிட்டால் குருவானவர் காத்து நிற்க நேரும். 1963-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட வழிபாட்டு ஆவணம் சபையாரின் பங்கேற்பை வலியுறுத்தியது. அவர்கள் சேரும் வரி மிடில் சியிலிருந்து மேல் டி வரைக்குள், தட்டின்மேல் தொடங்குவதாக இருக்கட்டும். அதற்கு முன் ஆர்கன் அந்த வரியின் தொடக்கத்தை ஒரு முறை வாசித்துக் காட்டினால், எங்கே நுழைவது என்று யாரும் தேட வேண்டியிருக்காது.