கலெக்டர் லீவும் கதைப் புத்தகமும்

கடலூரில் அக்டோபர் பிறந்துவிட்டால் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லார் வீட்டிலும் டிவியில் செய்திதான். நாட்டு நடப்பு தெரிந்துகொள்ள இல்லை, கீழே ஓடுகிற வரியில் நம்ம மாவட்டத்தின் பெயர் வருகிறதா என்று பார்க்க. வந்துவிட்டால் கலெக்டர் லீவு விட்டாச்சு. என் தம்பி உடனே போர்வையை இழுத்துக்கொள்வான், நான் எழுந்துபோய் கையில் என்ன புத்தகம் மிச்சம் இருக்கிறது என்று துழாவுவேன்.

மதிப்பெண், பிரேயர், பிரம்படி பற்றியெல்லாம் நம் சங்கம் போடும் இந்தப் பள்ளி நினைவு மலரில் மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு ஞாபகத்தில் நிற்பது என்ன படித்தேன் என்பதைவிட எந்த மாசத்தில் படித்தேன் என்பதுதான்.

மழை லீவுக்கு என்று ஒரு வகைப் புத்தகம் உண்டு, வேறு நாளில் அது ருசிக்காது. முதல் பக்கத்தில் கொலை, கடைசி நாலு பக்கத்தில் கைது என்று ஒரே மூச்சில் முடிகிற மாத நாவல்கள். லாரன்ஸ் ரோடு பக்கம் ஒரு பழைய பேப்பர் கடையில் கட்டுக்கட்டாகக் கிடப்பதிலிருந்து நானும் என் பக்கத்து பெஞ்ச் தோழியும் பொறுக்கிக்கொண்டு வருவோம். பாதிக்கு அட்டை இருக்காது, சிலதற்குக் கடைசிப் பக்கமே இருக்காது. அப்படிப்பட்டதில் யார் கொலைகாரன் என்று நாங்களே சண்டை போட்டு முடிவு செய்வோம், பல சமயம் எழுதியவரைவிட நன்றாகவே முடித்திருப்போம் என்பது இன்றைக்கும் என் கருத்து.

கனமான புத்தகங்களுக்குக் கிளை நூலகம். வெள்ளிக்கிழமை விடுமுறை, அதனால் எனக்கு வாரக்கடைசி என்பது வியாழக்கிழமையே ஆரம்பித்துவிடும். நூலகர் சார் அதிகம் பேசமாட்டார், ஆனால் யாருக்கு எப்போது எது கொடுக்க வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். பாகம் பாகமாகப் போகிற சரித்திர நாவலை எடுத்துக்கொண்டு போய் நின்றால், "இது மே மாசத்துக்கும்மா, முதல்ல பரீட்சைய முடி" என்று வாங்கி மேஜைக்குப் பின்னால் வைத்துவிடுவார். மே மாதம் போனால் அந்தப் பாகங்கள் அத்தனையும் எனக்காக அங்கேயே இருக்கும்.

2011 டிசம்பர் 30 ஒரு வெள்ளிக்கிழமை. 'தானே' என்று பெயர் வைத்த புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. நான் பிளஸ் டூ, அரையாண்டு லீவு, முந்தின நாள்தான் நூலகத்தில் புத்தகம் எடுத்திருந்தேன். விடிகிற நேரத்துக் காற்றைப் பற்றி எழுதப்போவதில்லை, அன்றைக்கு ஊரில் இருந்தவர்களுக்குத் தெரியும், இல்லாதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன, ஊருக்குள் கரண்ட் கம்பங்கள் வரிசையாக மடிந்து கிடந்தன. எங்கள் தெருவுக்குப் பொங்கல் நெருங்கும் வரை கரண்ட் வரவில்லை. டிவி இல்லை, போன் சார்ஜ் இல்லை, தண்ணீர் வண்டிக்குக் குடத்தோடு வரிசை, மெழுகுவத்திக்குத் தட்டுப்பாடு.

அப்போதுதான் எங்கள் ஆயா தன் டிரங்குப் பெட்டியிலிருந்து 'பெரிய எழுத்து'ப் புத்தகங்களை எடுத்தாள். திருவிழாக் கடைகளில் விற்பார்களே, சாணித்தாளில் கொட்டை கொட்டையாக எழுத்து, நடுவில் கட்டம் போட்ட படம், அந்த ரகம். ஆயா படித்தது ஐந்தாம் வகுப்பு, கண்ணும் மங்கல், ஆனால் அந்த எழுத்தைச் சிம்னி விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடி இல்லாமல் படிப்பாள். மனசுக்குள் படிக்கிற வழக்கமே அவளுக்குக் கிடையாது, ராகம் போட்டுத்தான். முதல் நாள் நானும் தம்பியும் கேட்டோம், அப்புறம் எதிர்வீட்டு அத்தை, பிறகு கம்பம் எப்போது நடுவார்கள் என்று புலம்ப வந்த மாமாக்கள் இரண்டு பேர், அந்த வாரக் கடைசியில் எங்கள் திண்ணையில் உட்கார இடமில்லை. விக்கிரமாதித்தன் முருங்கை மரம் ஏறும் ஒவ்வொரு தடவையும் எதிர்வீட்டு அத்தை "இவனுக்கு வேற வேலையே இல்லையா" என்பாள், ஆனால் மறுநாள் முதல் ஆளாக வந்து உட்காருவாள்.

நூலகத்திலிருந்து எடுத்திருந்த நவீனச் சிறுகதைத் தொகுப்பிலிருந்து ஒன்றை நானும் ஒரு ராத்திரி படித்துக் காட்டினேன். முடித்ததும் ஆயா, "சரி, அப்புறம் என்னாச்சு?" என்றாள். அவ்வளவுதான் ஆயா, கதை முடிந்துவிட்டது என்றேன். "ஏன், எழுதினவனுக்குத் தாள் தீந்துபோச்சா?" சிறுகதை பற்றி நான் பிற்பாடு கேட்ட எத்தனையோ கருத்தரங்குப் பேச்சுகளில் இதற்கு நேராகப் பதில் சொன்னவர்கள் குறைவு.

அந்த வருஷமும் ஆற்றுத் திருவிழா நடந்தது. தை ஐந்தாம் நாள், வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள், பொங்கல் முடிந்தும் எங்களுக்குப் பொங்கல் முடியாது. சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளெல்லாம் தென்பெண்ணைக்கு வந்து தீர்த்தவாரி நடக்கும், ஆல்பேட்டைப் பக்கம் மணலில் ராட்டினம், வளையல் கடை, மலைமலையாகச் சிறுவள்ளிக்கிழங்கு. ஆயா கிழங்கு பேரம் பேசுகிற நேரத்தில் நான் புத்தகக் கடைக்காரர் விரித்திருந்த தார்ப்பாயில் உட்கார்ந்து அவளுக்கு இன்னும் இரண்டு பெரிய எழுத்து வாங்கினேன். கரண்ட் வந்த பிறகு அவற்றைக் கேட்க யாரும் வரவில்லை. எதிர்வீட்டு அத்தை சீரியலுக்குத் திரும்பிவிட்டாள், சொல்லிக் குற்றமில்லை.

கார்த்திகையில் தீப்பொறி பறக்க மாவளி சுற்றும் வாரம் மட்டும் புத்தகத்துக்கு முழு விடுப்பு. பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, இடித்து, துணியில் சுற்றி, பனமட்டைக்கு நடுவே வைத்துக் கட்டுவதற்கே இரண்டு நாள் போய்விடும்.

ஏப்ரல் வந்தால் எங்கள் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. 23 உலகப் புத்தக நாள். 24 ஜெயகாந்தன் பிறந்த நாள், 1934-ல், மஞ்சக்குப்பத்தில். 25 புதுமைப்பித்தன் பிறந்த நாள், 1906-ல், திருப்பாதிரிப்புலியூரில். இரண்டுக்கும் நடுவே கெடிலம் ஓடுகிறது, நடந்தே போய்விடலாம். புதுமைப்பித்தனைத் திருநெல்வேலிக்காரர்கள் தங்கள் ஆள் என்பார்கள், அதுவும் நியாயம்தான், ஆனாலும் பிறந்தது இங்கே. நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தை நட்சத்திர ஓட்டலில் எப்போதோ வைப்பதற்குப் பதில் அந்த மூன்று நாளில் ஏதாவது ஒன்றில் வைக்கலாமே என்று செயலாளர் அண்ணனிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன், இப்போது எழுத்திலும் போட்டுவிடுகிறேன்.

இங்கே ஷார்ஜாவில் வருஷம் முழுக்க ஏசிக்குள்தான் படிப்பு. நவம்பரில் பெரிய புத்தகக் கண்காட்சி வரும், மலையாளக் கடைகளில் நிற்க இடம் இருக்காது, தமிழ்க் கடையைத் தேடித்தான் போக வேண்டும். போனில் எந்தப் புத்தகமும் எந்த நேரமும் கிடைக்கிறது, வாங்கியது நிறைய, முடித்தது கொஞ்சம். "இது மே மாசத்துக்கும்மா" என்று பிடுங்கி வைக்க ஆள் இல்லாததுதான் காரணம் என்று நினைக்கிறேன், என் வீட்டுக்காரர் இதை ஒத்துக்கொள்ளமாட்டார்.

ஒரு நல்ல காலம், வளைகுடாப் பள்ளிகளுக்கு லீவு விடுவது ஜூலையில். 1998-லிருந்து நடக்கும் நெய்வேலி புத்தகக் கண்காட்சியும் ஜூலையில்தான். கடலூரிலிருந்து பஸ் பிடித்தால் காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடலாம், பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள், பக்கத்திலேயே பண்ருட்டி, பலாச்சுளை கிடைக்கிற காலமும் அதுதான். திரும்பும்போது முப்பது கிலோ பெட்டியில் அம்மா கொடுக்கும் ஊறுகாயும் மிளகாய்த்தூளும் போக எனக்கு எப்போதும் எட்டு கிலோதான் புத்தகத்துக்கு மிஞ்சுகிறது. ஊறுகாய் விரும்பாத சங்க உறுப்பினர் யாராவது ஷார்ஜா விமானத்தில் வந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.