ரத்தக்குழாய் அடைப்புக்கு வைட்டமின் மாத்திரை தேடுறவங்களுக்கு

கடலூர் திருப்பாப்புலியூர்ல மெடிக்கல் ஷாப்ல ஃபார்மசிஸ்ட்டா இருக்கேன். கவுன்ட்டர்ல நின்னா அடிக்கடி வர்ற கேள்வி, ரத்தக்குழாய் அடைப்பு கரையறதுக்கு வைட்டமின் ஏதாச்சும் இருக்கா தம்பிங்கிறது. யாரோ வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ அனுப்பியிருப்பாங்க, அதுல இ, சி, டி, கே2 எல்லாம் சேத்து சாப்பிட்டா பைபாஸே தேவையில்லன்னு சொல்லியிருப்பாங்க. தேவனாம்பட்டினத்துல இருந்து ஒரு அம்மா வந்தாங்க, வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் வச்சிருக்கு, சீட்டுல அடோர்வாஸ்டாடின் எழுதியிருக்கு, "அந்த கொழுப்பு மாத்திரை வேணாம் தம்பி, அதுக்குப் பதிலா பச்சை கேப்சூல் ரெண்டு அட்டை குடு"ன்னு கேட்டாங்க. பச்சை கேப்சூல்னா வைட்டமின் இ 400. எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. அவங்களை உக்கார வச்சு சொன்னதைத்தான் இங்கயும் எழுதுறேன், ஏன்னா இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

மொதல்ல அடைப்புன்னா என்ன. நம்ம ஊர் உப்புத்தண்ணில பைப்புக்குள்ள காரை பிடிக்கிற மாதிரி நிறைய பேர் நினைச்சுக்கிறாங்க, கழுவி விட்டா போயிடும்னு. அப்படி இல்லைங்க. எல்டிஎல்ங்கிற கெட்ட கொழுப்பு ரத்தக்குழாயோட சுவருக்குள்ளயே புகுந்துடுது, அங்க ஆக்ஸிடைஸ் ஆகி கெட்டுப்போகுது, அதை வெள்ளை அணுக்கள் முழுங்கி முழுங்கி ஊதிப்போய் அங்கயே தங்கிடுது, அதுமேல ஒரு தோல் மாதிரி மூடிக்குது, ஒருநாள் அது வெடிச்சா ரத்தம் உறைஞ்சு ஹார்ட் அட்டாக். எல்லாம் சுவருக்குள்ள நடக்குது, அதனால எதை முழுங்கினாலும் கழுவிட்டு வராது.

வைட்டமின் இ ஆக்ஸிடைஸ் ஆகறதைத் தடுக்கும், அப்ப அடைப்பும் வராதுல்லன்னு டாக்டர்களே ஒரு காலத்துல நம்புனாங்க, நியாயமான நம்பிக்கைதான். அதைப் பெருசா சோதிச்சுப் பாத்தவர் கேரளாவுல பிறந்து கனடாவுல வேலை பாத்த சலீம் யூசுஃப். ஹோப்னு அந்த ஆய்வுக்குப் பேரு, 9,500 பேருக்கு மேல, பாதிப் பேருக்கு தினம் 400 ஐயு (வைட்டமினை அளக்கிற அலகு) வைட்டமின் இ, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, சராசரியா நாலரை வருஷம். 2000ல ரிசல்ட் வந்துச்சு, ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக், சாவு எதுலயும் வித்தியாசம் இல்ல. அதே ஆளுங்களை இன்னும் சில வருஷம் தொடர்ந்து பாத்து 2005ல சொன்னாங்க, வைட்டமின் இ சாப்பிட்டவங்களுக்கு இதய செயலிழப்பு கொஞ்சம் கூடுதலாவே வந்திருக்குன்னு. அமெரிக்காவுல 14,000 டாக்டர்களை வச்சு இ, சி ரெண்டையும் சோதிச்சது 2008ல வந்துச்சு, அதுலயும் ஒண்ணும் இல்ல. வைட்டமின் சி உடம்புக்கு வேணும், ரத்தக்குழாய் சுவருக்கு பலம் குடுக்கிற கொலாஜன்ங்கிற புரோட்டீன் உருவாக அது இல்லாம முடியாது, ஆனா அதுக்கு ஒரு கொய்யாப்பழமே தாராளம்.

பி வைட்டமின் கதைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கில்மர் மெக்கல்லின்னு பாஸ்டன்ல ஒரு டாக்டர், 1933ல ஸ்ட்ரோக் வந்து செத்துப்போன ஒரு 8 வயசுப் பையனோட ரத்தக்குழாய் சாம்பிளை பல வருஷம் கழிச்சு எடுத்துப் பாக்கிறார், கெழவங்களுக்கு இருக்கிற மாதிரி தடிச்சுப் போயிருக்கு. அந்தப் பையனுக்கு பிறவியிலேயே ரத்தத்துல ஹோமோசிஸ்டீன்ங்கிற பொருள் எக்கச்சக்கம். அதை வச்சு 1969ல எழுதினார், இந்தப் பொருள் கூடினா ரத்தக்குழாய் கெடும்னு. ஃபோலிக் ஆசிட், பி6, பி12 மூணும்தான் அதைக் குறைக்கும். சரி அப்ப மாத்திரை குடுத்தா போதுமேன்னு 5,500 பேருக்கு அஞ்சு வருஷம் குடுத்துப் பாத்தாங்க, 2006ல ரிசல்ட், ஹோமோசிஸ்டீன் நல்லா குறைஞ்சுது ஆனா ஹார்ட் அட்டாக் குறையல, ஸ்ட்ரோக் மட்டும் கொஞ்சம் குறைஞ்சுது. அப்புறம் 2015ல சீனாவுல பிபி இருக்கிற 20,000 பேருக்கு பிபி மாத்திரையோட ஃபோலிக் ஆசிட்டும் சேத்துக் குடுத்ததுல மொத ஸ்ட்ரோக் வர்றது குறைஞ்சுது, அவங்க சாப்பிடற மாவுல ஃபோலிக் ஆசிட் சேக்கிற வழக்கம் அங்க இல்ல. இதுல இருந்து நான் புரிஞ்சுக்கிறது, குறைபாடு இருக்கிறவங்களுக்குத்தான் மாத்திரை வேலை செய்யுது, இருக்கிறதுக்கு மேல கொட்டினா புண்ணியமில்ல.

நம்ம ஊர்ல பி12 குறைபாடு யாருக்கு வரும்னா, சைவம் மட்டும் சாப்பிடறவங்க, ரொம்ப வருஷமா மெட்ஃபார்மின் போடற சுகர்காரங்க, தினம் கேஸ் மாத்திரை போடறவங்க. காலு மரத்துப்போற மாதிரி இருக்கு, களைப்பா இருக்குன்னா ஒரு பி12 டெஸ்ட் எடுத்துப் பாருங்க. மத்தவங்களுக்கு முதுநகர் துறைமுகத்துல இறங்குற மத்தியும் நெத்திலியும் இருக்கு, அதைவிட நல்ல பி12 எந்த டப்பாவுல வருது? ஃபோலிக் ஆசிட்டுக்கு கீரை, பாசிப்பயறு, சாப்பாட்டுல இருக்கிற அதுக்கு ஃபோலேட்னு பேரு. கீரையை வேக வச்ச தண்ணியை மட்டும் கீழ ஊத்தாதீங்க, ஃபோலேட் நிறைய அதுல இறங்கியிருக்கும்.

வைட்டமின் டி பத்தி கொஞ்சம் கோவமாவே சொல்லணும். குறைபாடு இருந்தா வாரம் ஒரு 60,000 ஐயு பாக்கெட், பெரும்பாலும் 8 வாரத்துக்கு எழுதுவாங்க. அதே பழைய சீட்டைக் கொண்டுவந்து மாசக்கணக்கா வாங்கிட்டே இருக்கிறவங்க இருக்காங்க, சிலர் தினமும் ஒண்ணு! டி அளவு மீறினா ரத்தத்துல கால்சியம் ஏறும், அது கிட்னிலயும் ரத்தக்குழாய்லயும் போய் படியும். எதைக் காப்பாத்தணும்னு சாப்பிடறாங்களோ அதையே கெடுத்துக்கிறாங்க. அமெரிக்காவுல 25,000 பேருக்கு மேல தினம் 2,000 ஐயு குடுத்துப் பாத்த ஆய்வுலயும் ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் குறையல.

வைட்டமின் கேயில ஒரு வகையான கே2 இப்ப புது மோஸ்தர். ரத்தக்குழாய் சுவர்ல கால்சியம் படியாம தடுக்கிற ஒரு புரோட்டீன் இருக்கு, அது வேலை செய்ய வைட்டமின் கே வேணும், அது உண்மைதான். ஆனா டென்மார்க்ல இதய வால்வுல கால்சியம் படிஞ்ச 365 ஆண்களுக்கு ரெண்டு வருஷம் கே2வும் டியும் சேத்துக் குடுத்துப் பாத்தாங்க, படியறது நிக்கல.

அந்த அம்மாகிட்ட அடோர்வாஸ்டாடினைத்தான் குடுத்து அனுப்பினேன், நிறுத்தணும்னா டாக்டர் வாயால கேட்டுட்டு நிறுத்துங்கன்னு. ஸ்டென்ட் வச்சவங்க அதையும் ஆஸ்பிரினையும் தானா நிறுத்துறது ரொம்ப ஆபத்து.

இன்னொரு முக்கியமான விஷயம், வால்வு மாத்தினவங்க, அசிட்ரோம் இல்லன்னா வார்ஃபரின் போடறவங்க கவனிங்க. அந்த மாத்திரை வைட்டமின் கேவை மடக்கித்தான் ரத்தம் உறையாம பாத்துக்குது. கே2 கேப்சூலோ, கே கலந்த மல்டிவைட்டமினோ நீங்களா ஆரம்பிச்சா மாத்திரையோட வேலை கெட்டு, வால்வுல ரத்தம் கட்டிக்கலாம். முருங்கைக்கீரையிலயும் வைட்டமின் கே இருக்கு, அதுக்காக அதை அடியோட விடவேணாம், ஒருவாரம் தட்டு நிறைய அடுத்த வாரம் ஒண்ணுமே இல்லன்னு இல்லாம எப்பவும் ஒரே அளவா சாப்பிடுங்க. புதுசா எந்த டப்பாவைத் திறக்கறதுன்னாலும் டாக்டர்கிட்ட காட்டிட்டு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டுற ஐஎன்ஆர் டெஸ்ட் எப்ப பாக்கணும்னு கேட்டுக்கங்க.